குடும்ப மனநலம்: நன்று

1

“களையெடுக்குறவ மவ எங்க போனாலும் களைதான் எடுப்பா. அதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்?”

என் பெரியப்பா சொன்னது. மலேசியாவில் வேலை உறுதியாகி விசா வந்த அன்று, செய்யாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நான் கேட்கும்படியாகவே சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் நிற்காமல் நடந்தேன். பதில் தெரியாமல் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேளாண்மையில் பட்டம் வாங்கி, பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பும் முடித்தவள். அந்த பெஞ்சுக்குப் பதில் சொல்வது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய மாநிலமான ஜொகூருக்கு வந்து இந்த மாதத்தோடு நான்கு ஆண்டுகள் முடிகின்றன. ஸ்கூடாயில் ஒரு வரிசை வீட்டின் மாடியறையில் குடியிருக்கிறேன். தனியார் ஆய்வு மையம் ஒன்றில் வேலை. ரசாயன மருந்தைக் கைவிட்டுக் காய்கறி பயிரிடும் குடும்பங்களில் மண் எப்படி இருக்கிறது, உடம்பு எப்படி இருக்கிறது, மனசு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. ஊரில் யாராவது கேட்டால் அம்மா, “கீரை டாக்டரா இருக்கா” என்று சொல்லிவிடுகிறாள். இங்கே குடிநுழைவு அலுவலகத்தில் என் அரைகுறை மலாயில் இதை விளக்கியபோது, கவுன்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காய்கறிக்குமா மன அழுத்தம் வரும் என்று கேட்டார். அன்று நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

போன சனிக்கிழமை சிரிப்பு வரவில்லை. ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் மண்டபம். எங்கள் ஆய்வின் முடிவுகளைப் பணம் கொடுத்த அறக்கட்டளைக்கு விளக்கும் நிகழ்ச்சி. திரையில் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள் வந்தன. மண்வளம்: மேம்பாடு. உடல்நலம்: மேம்பாடு. குடும்ப மனநலம்: நன்று. கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் படம். இரண்டு கை நிறைய வெண்டிக்காய், முகம் நிறையச் சிரிப்பு. மண்டபமே கைதட்டியது.

நான் தட்டவில்லை. படத்தில் இருந்தவர் லெட்சுமி அக்கா. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், தன் வீட்டில் இருந்த ஒரு போத்தலை எங்காவது கொண்டுபோய்விடும்படி என்னிடம் கெஞ்சியிருந்தார். தன்மேலேயே தனக்கு நம்பிக்கை இல்லை என்பதால்.

2

லெட்சுமி அக்காவின் வீடு தங்காக் என்ற ஊருக்கு வெளியே இருக்கிறது. வாசலில் நின்றால் குனோங் லேடாங் மலை தெரியும். அவருடைய அப்பா அம்மா, கணவர் முனியாண்டி அண்ணனுடைய அப்பா அம்மா எல்லாருமே ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள், அதாவது மரத்தைக் கீறிப் பால் இறக்கியவர்கள். தோட்டம் கைமாறியதும் வெளியே வந்தார்கள். அண்ணன் கொஞ்ச காலம் லாரி ஓட்டிவிட்டு, பிறகு நிலம் குத்தகைக்கு எடுத்துச் இங்கே சாவி என்று சொல்லும் கடுகுக் கீரை, தண்ணீரில் படரும் கங்கோங் கீரை, வெண்டி, பயற்றங்காய் போட ஆரம்பித்தார். ஒரே மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். வார இறுதியில் வருவாள், வராத வாரம் கைப்பேசியில் காலை வணக்கப் படம் அனுப்புவாள். அம்மாவிடம் அவள் பேசுவதில் பாதி ஆங்கிலம். அக்கா அதற்கெல்லாம் “ஓகே மா, ஓகே மா” என்று சொல்லிக்கொள்வார்.

எங்கள் திட்டத்தில் அவர்கள் முதல் வருடமே சேர்ந்தார்கள். விதி எளிமையானது. புல் மருந்து அடிக்கக் கூடாது. மட்கிய உரம் போட வேண்டும். களையைக் கையால் எடுக்க வேண்டும்.

கையால் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. யாருடைய கையால் என்று எழுதவில்லை.

முன்பு அண்ணன் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு ஒரு காலைப்பொழுதில் தோட்டம் முழுக்க மருந்தடித்துவிடுவார். பிறகு பல நாளைக்குப் புல் தலைகாட்டாது. மருந்தை நிறுத்தியதும் அந்த வேலை தினசரி வேலை ஆனது. தினசரி வேலை ஆனவுடனே அது பெண்ணின் வேலை ஆனது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. சமையல், துணி, வீடு இவற்றோடு இதுவும் ஒன்று என்று அக்காவின் தலையில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த மண்ணில் மழைக்குப் பஞ்சமில்லை, புல்லுக்கும் பஞ்சமில்லை. இன்று எடுத்த பாத்தியில் சில நாளில் மறுபடி பச்சை விரியும். அவர் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போவதற்குள், தொடங்கிய முனை மறுபடி காத்திருக்கும்.

மண்வளம் மேம்பட்டது உண்மை. நானே சோதித்தேன். மண்புழு வந்திருக்கிறது. அண்ணனுக்கு முன்பு இருந்த கண் எரிச்சலும் தோல் அரிப்பும் போய்விட்டன, அதுவும் உண்மை. விஷம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விஷத்தை நிறுத்திய கணக்கில் லெட்சுமி அக்காவின் இடுப்பும் முழங்காலும் தூக்கமும் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று கேட்கிறேன். எங்கும் இல்லை.

3

எப்படி இல்லாமல் போனது என்று சொல்கிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் காது சூடாகிறது.

எங்கள் முறைப்படி குடும்பத் தலைவரிடம் கேள்வி கேட்க வேண்டும். குடும்பத் தலைவர் என்றால் எல்லா வீட்டிலும் கணவர். நாங்கள் போய் இறங்குவோம். “வாங்க மிஸ், உக்காருங்க” என்று அண்ணன் வரவேற்பார். அடுத்த நொடியே உள்ளே திரும்பி, “லெட்சுமி, தண்ணி கலக்கு” என்பார். இங்கே வீடேறி வந்த ஆளுக்குச் சூடாக எதுவும் கொடுக்காமல் அனுப்புவது அவமானம்; வேண்டாம் என்று சொல்வது அதைவிடப் பெரிய அவமானம். அக்கா அடுப்படிக்குப் போவார். தேநீர் வரும், பிஸ்கட் வரும், சில நாள் பொரித்த வாழைப்பழமும் வரும். அதற்குள் கேள்விகள் முடிந்துவிடும்.

“வீட்டில் உள்ளவர்கள் நன்றாகத் தூங்குகிறார்களா?” என்று என் சகா கேட்பார். அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல், “ஓ, நல்லா தூங்குறோம் லா” என்பார். “மனைவிக்கு மனச்சோர்வு உண்டா?” என்றதற்கு, “அவளுக்கு என்ன மிஸ், அவ ஓகே லா. ஜாலியான ஆளு” என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். இரண்டு வருடம் இப்படித்தான் கேட்டோம். எந்தப் பெண்ணின் மனதைப் பற்றிக் கேட்டோமோ அந்தப் பெண்ணை எங்களுக்கே தேநீர் கலக்க அனுப்பிவிட்டுக் கேட்டோம். எந்த வீட்டிலும் வேறு மாதிரி நடக்கவில்லை.

4

இது எனக்குப் பழக்கமான காட்சி. அதனால்தான் கோபம் இரண்டு மடங்கு.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெருவுக்கு மருத்துவ முகாம்காரர்கள் வந்தார்கள். அம்மா அந்த நாட்களில் வேர்க்கடலைக் காட்டில் கூலிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்காக அவளுக்குத் தலைவலி. சேலை முந்தானையைக் கிழித்து நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். அன்று அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். முகாமிலிருந்து வந்தவர் அப்பாவிடம், வீட்டம்மாவுக்கு உடம்பு எப்படி என்று கேட்டார். அப்பா, “அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா” என்றார். வந்தவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா நெற்றிக் கட்டை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு சோறு வடிக்கப் போனாள்.

கடல் தாண்டினால் இதெல்லாம் பின்னால் போய்விடும் என்று நினைத்தேன். இங்கே வீட்டுக்கு வீடு கார் இருக்கிறது, துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறது. அரசாங்க கிளினிக் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ‘அவளுக்கென்ன’ என்ற அந்த வார்த்தை எனக்கு முன்பே கப்பலேறி வந்து இங்கே குடியிருக்கிறது. பின்னால் ஒரு ‘லா’ மட்டும் சேர்ந்திருக்கிறது.

5

ஒருநாள் மண் மாதிரி எடுக்கத் தனியாகப் போனேன். அண்ணன் காய்கறி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தார். அக்கா சாவிப் பாத்தியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணி கலக்க எழுந்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நானும் உட்கார்ந்து களையெடுக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் என் விரல்களையே பார்த்தார். “அட, மிஸ்ஸுக்கு வேரோட புடுங்கத் தெரியுதே” என்றார்.

அம்மா செய்கிற வேலை இது என்றேன். அதன்பிறகு நான் மிஸ் இல்லை, தங்கச்சி. மகளைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி, கோயில் திருவிழாவில் மயங்கி விழுந்த ஒருவரைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டே போனார். நடுவில் நான் எங்கள் கேள்விகளைச் சாதாரணப் பேச்சில் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“ராத்திரி தூக்கம் வருதாக்கா?”

“படுக்குறேன்.”

“பசி எடுக்குதா?”

“ஆக்குறேன்.”

“மனசு எப்படி இருக்கு?”

கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. களை இல்லாத இடத்திலும் மண்ணைக் கீறினார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்.

“அந்தக் கொட்டகையில ஒரு போத்தல் இருக்கு தங்கச்சி. பழைய புல்லு மருந்து. முன்னல்லாம் அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. இப்ப எந்நேரமும் தெரியுது. சோறு ஆக்கும்போதும் தெரியுது. நீ எடுத்துட்டுப் போயிரு.”

என் படிப்பில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒன்று உண்டு. இந்த மாதிரி நேரத்தில் சுற்றி வளைக்கக் கூடாது. நேராகக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பயப்படவும் கூடாது. கேட்டால்தான் மனிதர்கள் சொல்வார்கள். அதனால் நேராகவே கேட்டேன், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று.

“தோணுதுன்னு இல்ல,” என்றார். “தோணிருமோன்னு பயமா இருக்கு.”

அவரைத் தனியாக விடவில்லை. அண்ணன் வரும்வரை அதே பாத்தியில் இருந்தோம். போத்தலை நான் வந்த மையத்தின் காருக்கு எடுத்துப் போனேன், பிறகு முறையாக ஒப்படைக்க வேண்டிய இடத்தில் ஒப்படைத்தேன். கணவரிடம் சொல்லலாமா என்று அக்காவிடம் கேட்டேன். “நீயே சொல்லு. எனக்கு வாய் வராது” என்றார்.

முனியாண்டி அண்ணன் முதலில் கோபப்பட்டார். எங்க குடும்பத்துல பைத்தியம்லாம் கிடையாது மிஸ் என்றார். மகளுக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சி நடக்க வேண்டாமா என்றார். நான் விடவில்லை. போத்தலைப் பற்றிச் சொன்னதும் கொட்டகைப் பக்கம் போய் அது இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, வேன் சாவியை எடுத்தார்.

6

கிளினிக்கில் ஓர் இளம் மலாய் டாக்டர். அக்காவைப் பார்த்து, தூக்கம் எப்படி என்று மலாயில் கேட்டார். பதில் சொல்ல அண்ணன் வாயைத் திறந்தார். பழக்கம். இவ்வளவு நடந்த பிறகும் பழக்கம்.

அக்கா அவர் முழங்காலில் கையை வைத்தார். “நீங்க சும்மா இருங்க. எனக்கும் மலாய் தெரியும்.”

பிறகு பேச ஆரம்பித்தார். சின்ன வயதில் மலாய்ப் பள்ளியில் படித்தவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தமிழில் என்னிடம் ஒரு வார்த்தை, அரை வார்த்தையாகச் சொன்னதை அந்த மொழியில் தங்குதடையில்லாமல் சொன்னார். விடியற்காலையில் விழிப்பு வந்து நெஞ்சு அடித்துக்கொள்வதை, புல்லைப் பார்த்தாலே அழுகை வருவதை, மகள் பேசும்போது காதில் சத்தம் மட்டும் விழுவதை. எனக்குப் பாதிதான் புரிந்தது. வீட்டில் புழங்கும் மொழியில் சொன்னால் வீடே கேட்டுவிடும் என்று அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தாரோ என்று தோன்றியது. அண்ணன், யாரோ தெரியாத பெண்மணி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். ஆலோசகரிடம் போய் வருகிறார். உடனே சரியாகிவிடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நின்றுகொண்டே தள்ளும் களைக்கருவி ஒன்றும், பாத்திக்கு மூடாக்குப் போட வைக்கோலும் வாங்கச் சொன்னேன், வாங்கியிருக்கிறார்கள். காலையில் அண்ணனும் களையெடுக்கிறார். இடுப்பு பிடித்துக்கொள்கிறதாம். பார்க்கும்போதெல்லாம் இந்தச் செய்தியை என்னிடம் சொல்கிறார். “அலமாக், ஐயோ, இத்தனை நாளா எனக்கு வலிக்கலையாக்கும்” என்று அக்கா பாத்தியில் இருந்தபடியே முணுமுணுக்கிறார். அந்த முணுமுணுப்பு எனக்கு மாத்திரையைவிட நம்பிக்கை தருகிறது.

7

இதையெல்லாம் அக்காவின் சம்மதத்தோடு எங்கள் தலைமை ஆய்வாளரிடம் அப்போதே சொல்லியிருந்தேன். எல்லாரும் அவரை டாக்டர் என்றுதான் அழைப்போம். ஜொகூர் பாருவில் பிறந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். வருத்தப்பட்டார். பார்க்கலாம் என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’தான் ஹோட்டல் மண்டபத்தில் சிரிக்கும் படமாக வந்து நின்றது.

திங்கட்கிழமை காலை அவர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

“ஒரு கேஸை வெச்சு முழு ரிப்போர்ட்டையும் மாத்த முடியாது லா,” என்றார்.

ஒரு கேஸ் இல்லை, எந்த வீட்டிலும் பெண்ணிடம் கேட்கவே இல்லை என்றேன்.

“குடும்பத் தலைவர்கிட்ட கேக்குறதுதான் மெத்தட். எல்லாரும் ஒத்துக்கிட்ட மெத்தட்.”

“அப்போ ‘குடும்பத் தலைவர்களின் மனநலம்: நன்று’ன்னு போடுங்க டாக்டர். அது உண்மை.”

அவர் சிரிக்கவில்லை. நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்றார். ஊர்க் கதையை ஆய்வுக்குள் கொண்டு வருகிறேன் என்றார். அறிக்கை மாதக் கடைசியில் போக வேண்டும், வேண்டுமானால் ‘மேலும் ஆய்வு தேவை’ என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கலாம் என்றார். பிறகு மிகவும் கனிவான குரலில் கேட்டார்: “உங்க பாஸ் அடுத்த மாசம் ரினியூ பண்ணணும். ஞாபகம் இருக்குல்ல?”

என் வேலை அனுமதிக்கு மையத்தின் கடிதம் வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை மிரட்டல் என்று அவர் நினைக்காமல் இருந்திருக்கலாம். அக்கறை என்றுகூட நினைத்திருக்கலாம். மாடியறையில் உட்கார்ந்து அன்று மாலை முழுவதும் அதை யோசித்தேன். அனுமதி கிடைக்கவில்லை என்றால் ஊர் திரும்ப வேண்டும். பெஞ்சு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான்கு வருடம் என்ன கிழித்தாய் என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஒரு பெண்ணின் சிரிப்பைத் திருடிப் பச்சைக் கட்டத்துக்குள் ஒட்டிவிட்டு வந்தேன் என்று சொல்வதைவிட அது மேல்.

மறுநாள் தங்காக்குக்குப் போய் அக்காவிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அந்தப் படமா? சிரிங்க சிரிங்கன்னு அந்த ஆளு ஒரே தொல்லை. சிரிச்சாத்தான் போவான்போலன்னு சிரிச்சேன்” என்றார். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னார். “படத்தை எடுத்துரச் சொல்லு தங்கச்சி. என் பேரு வேணாம். ஆனா நான் சொன்னது இருக்கட்டும். அவரு சொன்னதை நான் சொன்னதா எழுதாதீங்க.”

இங்கே நான் எழுதியிருக்கும் பெயர்கள் அவர்களுடைய பெயர்கள் இல்லை. அக்காவைப் பற்றி எழுதியதை அவரிடம் படித்துக் காட்டிவிட்டேன்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கமும் இப்போது நஞ்சில்லா விவசாயம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நல்லது. பேசுகிறவரிடம் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: உங்கள் நிலத்தில் களை எடுப்பது யார்? பதில் சொல்லாமல் மண்புழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எழுந்து போய் அவர் வீட்டுப் பின்வாசலில் விசாரியுங்கள்.

8

புதன்கிழமை அறக்கட்டளைக்கு எழுதினேன். அறிக்கையின் மனநலப் பகுதி ஆண்களிடம் மட்டும் கேட்டு எழுதப்பட்டது, அதை வெளியிட வேண்டாம், அந்தப் பெண்ணின் படத்தை நீக்க வேண்டும், பெண்களிடம் கேட்டு முடிக்கும்வரை என் பெயரையும் எடுத்துவிட வேண்டும் என்று. டாக்டருக்கும் அதே நேரத்தில் அனுப்பினேன், முதுகுக்குப் பின்னால் எதுவும் செய்யவில்லை. இரண்டு பக்கமிருந்தும் இதுவரை பதில் இல்லை.

பதிலுக்காக நான் காத்திருக்கவில்லை. மையத்தின் காரைக் கேட்காமல், விடுப்புப் போட்டுவிட்டு, இன்று காலை பஸ் ஏறி எங்கள் ஆய்வில் இருக்கும் அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று, உள்ளே வாங்க மிஸ், என்ன கேக்கணுமோ கேளுங்க என்றார். உங்கள் மனைவியிடம் கேட்க வேண்டும் என்றேன்.

“அவ தோட்டத்துல இருக்கா. நானே சொல்லிடுறேன்.”

வாசலில் நான் செருப்பைக் கழற்றவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கம் பாத்திகள் இருக்கும் இடத்துக்கு நடந்தேன்.